விரோதம் என்று எழுதிய பலகை

வில்வண்டி மாட்டின் கழுத்துமணி என்றால் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு இனிக்கும். எனக்குக் கசக்கும். ஊரில் வில்வண்டியே அற்றுப்போன இந்தக் காலத்திலும், திருவிழாவிலோ கல்யாண ஊர்வலத்திலோ அந்தச் சத்தம் காதில் விழுந்தால், ‘போச்சு, டாக்டரம்மாவைக் கொண்டுபோக வந்துவிட்டார்கள்’ என்று மனசு அடித்துக்கொள்ளும். பிறகுதான் டாக்டரம்மாவும் இல்லை, அந்த ஆஸ்பத்திரியும் இல்லை, நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற கிழவி என்பது நினைவுக்கு வரும்.

மகாராஜா காலத்துக் கதை இது. நாஞ்சில் நாட்டில், தோவாளை மலைக்கு இந்தப் பக்கம், வயல்களுக்கு நடுவே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. ஓட்டுக் கூரை, நீளமான வராந்தா, உள்ளே சில கட்டில்கள், முற்றத்தில் ஒரு பூவரசு. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையும் பிரசவம் பார்ப்பதும் படித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தது முப்பதுகளின் தொடக்கத்தில். ஒரு கம்பவுண்டர், கூட்டித் துடைக்க ஒரு அம்மாள், எங்களுக்கெல்லாம் மேலே டாக்டரம்மா. ஒரே ஒரு டாக்டர். அவர் வடக்கே மலையாளப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடம்பு மெலிவு, குரல் மட்டும் கனம். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும். எங்கள் ஊர்த் தமிழிலும் கால்வாசி அதுதான் என்பதால் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை. என்னைக் ‘குட்டி’ என்றுதான் கூப்பிடுவார். வேலையில் பிழை கண்டால் முழுப் பெயரையும் சொல்லி அழைப்பார்.

பொழுது விடிந்ததும் வராந்தா நிறைந்துவிடும். மலையடிவாரத்திலிருந்து நடந்து வந்த பெண்கள், கைப்பிள்ளைக்காரிகள், நடவு வேலையை விட்டு வந்தவர்கள், மரச்சீனிக் கிழங்கைப் பொதிந்து கட்டிக்கொண்டு வந்து நாள் முழுக்க உட்காரத் தயாராக இருப்பவர்கள். முதல் இரண்டு மூன்று பேரைப் பார்த்து முடிப்பதற்குள் வாசலில் மணிச் சத்தம் கேட்கும். ஏதாவது பெரிய வீட்டு வில்வண்டி. வீட்டு அம்மாளுக்குத் தலைவலி, மருமகளுக்கு மயக்கம், மாமியாருக்கு நெஞ்சு படபடப்பு. டாக்டரம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுவார். வராந்தாவில் இருக்கிறவர்கள் அவர் திரும்பி வரும்வரை அப்படியே இருக்க வேண்டியதுதான். இடித்தவள் புடைத்தவள் இங்கிருக்க, எட்டிப் பார்த்தவள் கொட்டிக்கொண்டு போனாளாம். அந்தப் பழமொழியைப் போட்டவள் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்துதான் போட்டிருப்பாள் என்று நான் கம்பவுண்டரிடம் சொல்வேன்.

வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுதான் முடியாது. வைத்தியரை அழைக்கப்போன வண்டி வெறும் வண்டியாகத் திரும்பினால் வீட்டில் படுத்திருப்பவர் எழுந்திருக்கமாட்டார் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. வெறும் வண்டி தெருவில் நுழைவதைப் பார்த்தாலே பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வார்கள். எழவு சொல்லி அனுப்பியதற்குச் சமம் அது. ஒரு தடவை டாக்டரம்மா துணிந்து, “இப்போ வரான் பற்றில்லா” என்று, இப்போது வர முடியாதென்று சொல்லி, மருந்துக் குப்பியை மட்டும் பெரிய வீட்டு வண்டிக்காரரிடம் கொடுத்தார். அந்த மனிதர் நல்லவர், பயந்தவர். குப்பியை மெத்தையின் நடுவில் வைத்து, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து அதற்குப் போர்த்தினார். என்னத்துக்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். “ஊருக்காரன் பாத்தா உள்ள யாரோ இருக்காவன்னு நெனைக்கணும்லா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்று மாலையே பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து, குப்பியை அனுப்பி எங்களைக் கேவலப்படுத்திவிட்டீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு டாக்டரம்மா எந்த வண்டியையும் திருப்பவில்லை.

பெரிய வீடு என்று நான் சொல்வது ஒரே வீட்டைத்தான். இரண்டு குளத்தங்கரை தாண்டிய ஊரில், பார்க்கும் இடமெல்லாம் வயல் வைத்திருந்தவருடைய வீடு. அவரை நாங்கள் ‘பெரிய வீட்டுக்காரர்’ என்றே சொல்வோம். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கோயிலுக்குக் கொடுப்பார், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார். ஆனால் தன் வீட்டில் ஒருவர் தும்மினால் உலகம் நின்று கேட்க வேண்டும் என்று நினைப்பவர்.

மாசி மாதம், கும்பப்பூ அறுப்புச் சமயம். ஒரு காலையில் அவர் வண்டி வந்து டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. அந்த வண்டியின் புழுதி அடங்கியிருக்காது, எதிர்த்திசையிலிருந்து இரண்டு ஆண்கள் ஒரு ஏணியைச் சுமந்துகொண்டு ஓடி வந்தார்கள். ஏணியில் பாய் விரித்து ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். ஒருவன் அவள் புருஷன், இன்னொருவன் அவன் தம்பி. அறுப்பில் நின்றபோதே வலி கண்டு, வரப்பிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கூட வந்த கிழவியின் மடியில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. தாய்க்குத்தான் நஞ்சுக்கொடி இறங்கவில்லை. இரத்தம் நிற்கவில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் செய்தேன். அதற்குமேல் கை வைக்க டாக்டர் வேண்டும். கம்பவுண்டரை ஓட விட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பு வழியாகவே ஓடினார். நான் அந்தப் பெண்ணின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “பிள்ளைக்கு யாராவது பாலு கொடுப்பாளா?” கொடுப்பார்கள், நீயே கொடுப்பாய் என்றேன். மணிச் சத்தம் கேட்டபோது அவள் கை குளிர்ந்திருந்தது.

பெரிய வீட்டில் என்ன நோய் என்று பின்னால் தெரிந்தது. வீட்டு அம்மாள் முந்தின நாள் சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், அதிகமாகத் தின்றதில் நெஞ்சில் வாயு பிடித்திருக்கிறது. இதைச் சொல்லும்போது இத்தனை வருஷம் கழித்தும் பல்லைக் கடிக்கிறேன். டாக்டரம்மா வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்து பார்த்தார். நாடி பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார். ஏணியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த புருஷன் எழுந்து நின்று, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டான். “அம்மா, நாங்க முதல்ல வந்தமா, வண்டி முதல்ல வந்துதா?” டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்து, “வண்டிதான்” என்றார். அவன் தலையாட்டிக்கொண்டான். ஓகோ, அப்படியென்றால் சரி என்பதுபோல. அந்தத் தலையாட்டலைத்தான் டாக்டரம்மாவால் தாங்க முடியவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. என்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார், வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு திருவனந்தபுரத்துக்கு எழுத ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி நேரத்தில் டாக்டர் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு வேண்டும், இல்லையென்றால் இன்னொரு டாக்டர் வேண்டும், இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்று. எழுதி எழுதிப் பார்த்தார். கடைசியில் ஒரு மேலதிகாரி மோட்டார் காரில் வந்து இறங்கினார். கட்டில்களை எண்ணினார், மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தார், சுவரில் விரலை வைத்துத் தேய்த்தார். “சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நாளில் வெள்ளை அடிக்க ஆட்களும் வந்துவிட்டார்கள். செத்தவளுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு வந்திருக்கிறது என்றேன். “மிண்டாதே குட்டி” என்று என் வாயை அடக்கினார் டாக்டரம்மா. அவர் வாயோரத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் உத்தரவு வரத்தான் செய்தது, வெகுநாள் கழித்து. இரண்டாவது டாக்டரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மற்றபடி நல்ல உத்தரவு. ஆஸ்பத்திரி நேரத்தில் டாக்டர் வீடுகளுக்குப் போவது விலக்கப்பட்டிருக்கிறது. நேரம் முடிந்த பிறகு போகலாம். உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டர் தன் யோசனைப்படி எப்போது வேண்டுமானாலும் போகலாம். இவ்வளவுதான் விஷயம். சர்க்கார் கடிதமெல்லாம் அன்று மலையாளத்தில்தான் வரும். விலக்கியிருக்கிறது என்பதற்கு அதில் ‘விரோதிச்சிரிக்குன்னு’ என்று போட்டிருந்தது. ஜனங்கள் படிக்கத் தமிழில் ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டும்படி டாக்டரம்மா கம்பவுண்டரிடம் சொன்னார். கம்பவுண்டருக்குத் தன் தமிழில் பெரிய நம்பிக்கை உண்டு. ஒரு மத்தியானம் முழுக்க நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்து, கறுப்புப் பலகையில் வெள்ளைச் சாயத்தில் கொட்டை எழுத்தாக எழுதினார்: ‘ஆஸ்பத்திரி நேரத்தில் டாக்டரை வீட்டுக்கு அழைப்பது விரோதம்.’

மீதியெல்லாம் எங்கே என்று கேட்டேன். பலகை சின்னது, எழுத்தைப் பெரிசாகத் தொடங்கிவிட்டேன், இடம் போதவில்லை என்றார். எங்கள் ஊரில் அந்தப் பலகையைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்ல, அது தீயாய்ப் பரவியது. விரோதம் என்றால் மலையாளத்தில் தடை. தமிழில் அது பகை அல்லவா? “விரோதம்னா யாருக்கு விரோதம்?” என்று காப்பிக் கடையில் ஒருவர் கேட்டாராம். “மகாராசாவுக்குத்தான், பின்ன யாருக்கு? டாக்டர வீட்டுக்குக் கூப்பிட்டா மகாராசாவுக்கு எதிரியாம். கேஸு வரும் கேட்டியளா” என்று இன்னொருவர் சொன்னாராம். வண்டிகள் நின்றுபோயின. மணிச் சத்தமே இல்லை. பலகைக்கு முன்னால் வருகிற ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று படித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு மாலை பலகைக்கு முன் நின்று மெல்லப் படித்தார். ஊரில் நடக்கும் பேச்சை நான் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கம்பவுண்டர் முகம் சுண்டிப்போய், மாற்றி எழுதிவிடட்டுமா என்று கேட்டார். டாக்டரம்மா பலகையை இன்னொரு தடவை கூட்டிப் படித்தார். “சாரமில்ல. இரிக்கட்டே” என்றார். பரவாயில்லை, இருக்கட்டும் என்று அர்த்தம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நல்ல காலம் அப்போதுதான் பிறந்தது. வராந்தாவில் முதலில் வந்தவளை முதலில் பார்த்தார். பிள்ளைகளின் காதையும் தொண்டையையும் நிதானமாகப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டை மத்தியானத்திலேயே சாப்பிட்டார். மலையடிவாரத்துப் பெண்கள் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று திரும்பி வந்து காட்டினார்கள். போனால் அம்மா இருப்பாள் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரி நேரம் முடிந்த பிறகும் எந்த வீட்டிலிருந்தும் யாரும் அழைக்க வரவில்லை என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரட்டும், வருகிறார்கள், வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

மழை ஓய்ந்த ஒரு காலை. வராந்தாவில் இடமில்லாமல் பூவரசு நிழலிலும் ஆட்கள். பெரிய வீட்டு வண்டிக்காரர் வாசலுக்குள் ஓடி வந்து விழுந்தார். தனியாக, வண்டியில்லாமல். முழங்கால்வரை சேறு. மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

“சின்னம்மைக்கு நேத்துக் காலைல வலி எடுத்தது. பிள்ள குறுக்க கிடக்காம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. கிடந்து துடிக்கா அம்மா.”

சின்னம்மை என்று அவர் சொன்னது பெரிய வீட்டுக்காரரின் இளைய மகளை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தவள்.

“நேத்து எடுத்த வலிக்கு இன்னைக்கு வந்து நிக்கீரா?” என்று நான் கத்திவிட்டேன். “வண்டி எங்கவே?”

“வண்டி கொண்டாந்தா விரோதம்லா. அம்மா வரல்லேன்னா வெறும் வண்டி திரும்பணும், அது அதவிடப் பொல்லாதது. நேத்து பூராவும் முதலாளி வண்டியப் பூட்டச் சொல்லுகாவ, அவுக்கச் சொல்லுகாவ. இன்னைக்கு எனக்குப் பொறுக்கல்ல. யாருகிட்டயும் சொல்லாம ஓடி வந்துட்டேன்.”

டாக்டரம்மாவுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். ஆனால் வராந்தாப் படியில் வந்து நின்றுவிட்டார். அத்தனை பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகை அவர் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. “எனிக்குப் போகணும். ஒரு பெண்ணும் பிள்ளையும் சாகக் கிடக்குது. உங்களிடம் கேக்காம நான் போகமாட்டேன்” என்றார்.

உடனே எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டார்கள் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பெரிய வீடுன்னா சட்டமும் வளையும்” என்றாள். பக்கத்தில் இருந்தவள், “ஏட்டி, வாயப் பொத்து. பெத்தெடுக்கதுல பெரிய வீடென்ன, சின்ன வீடென்ன?” என்றாள். “அப்போ அறுப்புல செத்தாளே, அவளுக்கு யாரு போனா?” என்று முதலாமவள் கேட்டாள். அடுத்ததாக உள்ளே போக வேண்டியவள், இழுப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டிருந்தவள், எழுந்து வந்தாள். “இவனுக்கு மூச்சு முட்டுகு. இவன மட்டும் பாத்துட்டுப் போங்க. மத்தவங்க இருப்பாவ.” டாக்டரம்மா பெட்டியை அங்கேயே கீழே வைத்து, படியிலேயே உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டு, மூச்சு சீராகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். எனக்குக் காலடியில் நெருப்புப் பிடித்ததுபோல் இருந்தது. பிள்ளையின் மூச்சு சீரானது. “இனி போங்க. வந்துருங்க கேட்டியளா” என்றாள் தாய்.

வில்வண்டி இல்லை. யாரோ தன் மாமியாரைக் கொண்டு வந்த வைக்கோல் வண்டி முற்றத்தில் நின்றது. அதில் டாக்டரம்மாவும் நானும் ஏறினோம். பெரிய வீட்டு வாசலில் வைக்கோல் வண்டி போய் நின்றது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். உள்ளே நடந்ததை விரிவாக எழுத மனம் வரவில்லை. டாக்டரம்மா தன்னால் முடிந்ததெல்லாம் செய்தார். தாய் பிழைத்தாள். பிள்ளை ஆண்பிள்ளை, நல்ல நிறை, முடியெல்லாம் நிறைய. அதற்கு உயிர் இல்லை. நேற்று வந்திருந்தால் இருந்திருக்கும். நினைவு தெளிந்ததும் அந்தப் பெண் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “ஏன் நேரத்தே வரல்ல? நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே.”

பெரிய வீட்டுக்காரர் நடையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் வெளியே வந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். “விரோதம்னு எழுதிப் போட்டிருக்கே அம்மா. நானும் நாலெழுத்துப் படிச்சவன். படிச்சதுனாலல்லா பயந்தேன். படிக்காதவனா இருந்தா வண்டியப் பூட்டிருப்பேன்.” டாக்டரம்மா படி இறங்கிவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் வைக்கோல் வண்டியில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு வயலைப் பார்த்தபடி இருந்தார். இரண்டாவது குளத்தங்கரையில் பேசினார். “அந்தப் பலகை எனிக்கு இஷ்டமாயிருந்நு குட்டி. அவரெல்லாம் பயந்தது எனிக்கு இஷ்டமாயிருந்நு.” நீங்கள் என்ன செய்வீர்கள், எழுதியது கம்பவுண்டர், பயந்தது அவர்கள் என்று நான் ஆரம்பித்தேன். “வேண்டா” என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முகம் கழுவாமல், மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தன் கையாலேயே பலகையைத் துடைத்தார். பிறகு வராந்தாவில் மீதி இருந்தவர்களைப் பார்க்க உட்கார்ந்தார். ஒருத்தியும் எழுந்து போயிருக்கவில்லை.

விசாரணைக்கு அதே மேலதிகாரிதான் வந்தார். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கம்பவுண்டர் மருந்தறைக்குள் ஒளிந்துகொண்டிருந்தார். அதிகாரி அன்பாகவே பேசினார். வீட்டார் தகவல் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், அது உண்மையும்தானே, உங்களுக்கும் கெட்ட பெயரில்லை, உத்தரவும் அப்படியே நிற்கும் என்றார். எங்கள் வராந்தாவின் நல்ல காலம் தொடர வேண்டுமானால் டாக்டரம்மா ‘ஆம்’ என்றால் போதும். எனக்கு உள்ளூர அந்த ஆசை இருந்தது. அவர் ‘இல்லை’ என்றார். உயிருக்கு ஆபத்தென்றால் அழைக்கலாம் என்று உத்தரவில் இருந்ததைப் பலகையில் போடாதது தன் குற்றம், தெரிந்தே அதை அப்படி விட்டது தன் குற்றம் என்றார். கம்பவுண்டரின் பெயரை எடுக்கவே இல்லை. “சட்டம் இல்லாதபோது ஒரு அம்மை செத்தாள். சட்டம் வந்தபோது ஒரு பிள்ளை செத்தது. ஒரு ஆளுக்கு எத்தனை சட்டம் போட்டாலும் அவள் ஒரு ஆள்தான் சாரே. எனிக்கு இன்னொரு ஆள் தரணும்.”

அதற்குள் வாசலில் பெரிய வீட்டுக்காரர் வந்து நின்றார். டாக்டரம்மாவை ஊரைவிட்டு அனுப்பச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். “இந்தம்மாவ மன்னிக்க எனக்கு மனசில்ல. மனசு வரவும் செய்யாது. ஆனா இவங்க கேக்கதுதான் நியாயம். ரெண்டு டாக்டர் இருந்தா என் பேரன் இருப்பான். அத எழுதிக்கிடுங்க.” சொல்லிவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்காமலே போய்விட்டார். கடைசிவரை அவர் டாக்டரம்மாவிடம் பேசவில்லை. திருவனந்தபுரத்துக்கு எத்தனையோ தடவை போய், இரண்டாவது டாக்டருக்காக நின்றதும் அவர்தான்.

சென்ற மாதம் முழங்காலைக் காட்ட நாகர்கோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அறைக்கு அறை டாக்டர்கள், சுவரெல்லாம் பலகைகள், சந்தைக் கூட்டம். என்னைப் பார்த்தவன் சின்னப் பையன்; மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. கண் இரண்டும் கோவைப்பழம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எவ்வளவு நேரம் என்று அவனை ஏசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏசியதிலும் தப்பில்லை, காலையிலிருந்து நிற்கிறார்கள். அவன் என் காலை மடக்கி நீட்டிப் பார்க்கும்போது, “எப்ப மக்கா தூங்கின?” என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தான். “யாரும் கேக்காததக் கேக்கியளே பாட்டி” என்று சிரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான். வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு எங்கள் டாக்டரம்மாவின் நினைப்புத்தான்.

இரண்டாவது டாக்டர் வந்தது, விசாரணைக்குப் பின் வந்த புரட்டாசிக் கன்னிப்பூ அறுப்புக்குப் பிறகு. பஸ்ஸில் வந்து இறங்கிய சின்னப் பெண். பிரயாணம் ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்து, தகரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். தெளிந்து எழுந்ததும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, “எங்கே தொடங்க?” என்று கேட்டாள். டாக்டரம்மா அவளைக் கூட்டிப்போய் அலமாரியைக் காட்டினார், கட்டில் கட்டிலாக நோயாளிகளைக் காட்டினார், வராந்தாவில் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் முதல் நோயாளியைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பின்னால் நின்று கவனித்தார். பிறகு என்னிடம் வந்து, “குட்டி, நான் ஒண்ணு கிடக்கட்டே. விரோதமுண்டோ?” என்று கேட்டார். கொஞ்சம் படுத்துக்கொள்ளட்டுமா, ஆட்சேபணை உண்டா என்று அர்த்தம். இல்லை அம்மா என்றேன்.

முற்றத்தைக் கடந்து தன் வீட்டுக்குப் போனார். கால் கழுவினாரா என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்துப் போர்வை வேண்டுமா என்று பார்க்கப் போனால், கட்டியிருந்த சேலையோடு, மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், வாயைத் திறந்தபடி குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பகலில் கண் மூடி நான் பார்த்ததில்லை. கண்ணாடியை மெல்ல எடுத்து வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, படியில் உட்கார்ந்துகொண்டேன். பொழுது சாயும் நேரத்தில் கம்பவுண்டர் அவசரமாக வந்தார். மலையடிவாரத்திலிருந்து ஒரு பிரசவக் கேஸ் வந்திருக்கிறது, அம்மாவை எழுப்பட்டுமா என்று கேட்டார்.

“எழுப்பாண்டாம் ஓய்” என்றேன். “அங்க டாக்டர் இருக்காவ.”